பல்கலைக்கழக மாணவர்களுக்கான உதவித்தொகைகள்: தேடுவது முதல் கைக்கு வருவது வரை

1643-இல் லண்டனில் வாழ்ந்த ஆன் ராட்கிளிஃப் என்ற பெண்மணி, தொடங்கி ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த ஹார்வர்டு கல்லூரிக்கு 100 பவுண்டு கொடுத்தார். அதிலிருந்து வரும் வருமானத்தைக் கொண்டு ஆண்டுதோறும் ஓர் ஏழை மாணவரின் செலவைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஹார்வர்டின் முதல் கல்வி உதவித்தொகை அதுதான்.

உதவித்தொகை பற்றிக் கேட்டு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சில ஆண்டுகளாக மாணவர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன். நல்ல மதிப்பெண் வைத்திருந்தும் கிடைக்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுத்தர மதிப்பெண்ணோடு வந்து முழுத் தொகையும் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். எந்த உதவித்தொகையை எடுத்தாலும் அதற்குப் பின்னால் யாரோ ஒருவருடைய விருப்பம் இருக்கிறது. ஒரு தனி மனிதர், ஓர் அறக்கட்டளை, ஓர் அரசு, ஒரு தொழில் சங்கம் என்று யாராவது, "இந்தப் பணம் இப்படிப்பட்ட ஒருவருக்குப் போய்ச் சேர வேண்டும்" என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்த ஆள் யார் என்று கண்டுபிடியுங்கள். அது நீங்களாக இருந்தால் விண்ணப்பியுங்கள், அதை ஆதாரத்தோடு காட்டுங்கள். கீழே நான் சொல்லப்போகும் படிகள் எல்லாமே இதற்காகத்தான்.

முதலில் சில பெயர்கள்

அறிவிப்புகளைப் படிக்கத் தொடங்கினால் பல பெயர்கள் வந்து குழப்பும். ஸ்காலர்ஷிப் என்பது பொதுப்பெயர். சில தகுதி அடிப்படையில் தரப்படும், சில குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரப்படும், பலவற்றில் இரண்டும் கலந்திருக்கும். பர்சரி என்றால் பெரும்பாலும் பணத்தேவையைப் பார்த்துத் தருவது. ஃபெல்லோஷிப் பொதுவாக முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கானது. மாதாமாதம் ஒரு தொகை வரும். அசிஸ்டன்ட்ஷிப் அப்படியில்லை. அது வேலைக்கான ஊதியம்: இளநிலை மாணவர்களுக்குப் பாடம் நடத்துவது, விடைத்தாள் திருத்துவது, பேராசிரியரின் ஆய்வில் உதவுவது போன்றவற்றைச் செய்ய வேண்டும். கட்டண விலக்கு என்றால் பணம் உங்கள் கைக்கு வராது, கட்ட வேண்டிய கட்டணம் குறையும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில பல்கலைக்கழகங்கள் "நிதி உதவி" என்று அனுப்பும் கடிதத்தில் கல்விக் கடனையும் சேர்த்தே கூட்டிக் காட்டிவிடும். கீழே இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், அதில் எவ்வளவு திருப்பிக் கட்டத் தேவையில்லாதது, எவ்வளவு கடன், எவ்வளவு வேலை செய்து சம்பாதிக்க வேண்டியது என்று மூன்றாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் படி: உங்கள் வளாகத்துக்குள்ளேயே தேடுங்கள்

புதிதாகத் தேடுபவர்கள் நேராக உலகப் புகழ்பெற்ற திட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள். நான் மாற்றிச் சொல்வேன். உங்கள் துறை அலுவலகத்தில் தொடங்குங்கள். முன்னாள் மாணவர்கள் வைத்த அறக்கட்டளைப் பரிசுகள், ஓய்வுபெற்ற பேராசிரியரின் நினைவாகத் தரும் தொகை, குறிப்பிட்ட ஒரு பாடத்தில் முதலிடம் பெறுபவருக்கான பதக்கம், திடீரென்று நெருக்கடியில் சிக்கும் மாணவருக்கான அவசர நிதி என்று பலவும் அங்கே சத்தமில்லாமல் இருக்கும். தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் போட்டியும் குறைவு, உங்களைத் தெரிந்தவர்களே முடிவு செய்வார்கள், விண்ணப்பமும் ஒன்றிரண்டு பக்கம்தான்.

நேரில் போய்க் கேளுங்கள். "எனக்கு ஏதாவது உதவித்தொகை கிடைக்குமா?" என்று கேட்டால், இணையதளத்தில் பாருங்கள் என்ற பதில்தான் வரும். "இந்தத் துறையில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கான பரிசுகளின் பட்டியல் இருக்கிறதா? போன ஆண்டு எதற்காவது யாரும் விண்ணப்பிக்காமல் விட்டார்களா?" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு ஆச்சரியமான பதில்கள் கிடைக்கும்.

சில இடங்களில் தனியாக விண்ணப்பிக்கவே வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிளாரண்டன் உதவித்தொகைக்குத் தனிப் படிவம் கிடையாது. குறிப்பிட்ட தேதிக்குள் முதுநிலைப் படிப்புக்கோ ஆய்வுப் படிப்புக்கோ விண்ணப்பித்தவர்களைத் தானாகவே பரிசீலிப்பார்கள். ஆனால் அந்தத் தேதி, சேர்க்கைக்கான கடைசித் தேதியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பல பல்கலைக்கழகங்களில் உதவித்தொகைக்கான தேதி முன்னதாகவே முடிந்துவிடும். சேர்க்கை கிடைத்த பிறகு உதவித்தொகையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்து வாய்ப்பை இழந்தவர்கள் நிறையப் பேர்.

முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்கள் தேடும் முறையையே மாற்ற வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முனைவர் பட்ட மாணவருக்குக் கட்டண விலக்கும் அசிஸ்டன்ட்ஷிப்பும் சேர்க்கையோடு சேர்ந்தே வருகின்றன. அங்கே உதவித்தொகையைத் தனியாகத் தேடி அலைவதைவிட, சேர வேண்டிய துறையையும் வழிகாட்டியையும் சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான் பணத்துக்கும் வழி.

இரண்டாம் படி: பெரிய திட்டங்கள் யாரைத் தேடுகின்றன என்று பாருங்கள்

உலக அளவில் பெயர் பெற்ற திட்டங்களில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொன்றும் எதற்காகத் தொடங்கப்பட்டது என்று தெரிந்தால், விண்ணப்பத்தில் என்ன கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள் என்பதும் புரியும்.

ரோட்ஸ் உதவித்தொகை, 1902-இல் இறந்த செசில் ரோட்ஸின் உயிலிலிருந்து வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க முழுச் செலவையும் தருகிறது. படிப்பு, விளையாட்டு, நேர்மையும் கடமையுணர்வும், பிறரை வழிநடத்தும் குணம் என்று நான்கை அந்த உயிலே பட்டியலிட்டது. இன்று விளையாட்டு என்ற இடத்தில், தன் திறமையை முழுமூச்சாகப் பயன்படுத்தும் உற்சாகம் என்று விரிவாகப் பொருள் கொள்கிறார்கள். உயிலின்படி அது ஆண்களுக்கு மட்டும்தான். சட்டம் மாறிய பிறகு 1977 முதல் பெண்களும் ரோட்ஸ் மாணவர்களாகச் சேர்ந்தார்கள். விதிகள் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. "போன ஆண்டு எங்கள் சீனியர் சொன்னார்" என்பதை நம்பி எதையும் விட்டுவிடாதீர்கள், எதிலும் இறங்கிவிடாதீர்கள். இந்த ஆண்டின் அறிவிப்பைப் படியுங்கள்.

ஃபுல்பிரைட் திட்டம் 1946-இல் அமெரிக்காவில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, வெளிநாடுகளில் மிஞ்சிக் கிடந்த போர்த் தளவாடங்களை விற்று வந்த பணத்தை மாணவர் பரிமாற்றத்துக்குப் பயன்படுத்தலாம் என்று செனட்டர் ஜே. வில்லியம் ஃபுல்பிரைட் கொண்டுவந்த யோசனை அது. நாடுகளுக்கிடையே புரிதலை வளர்ப்பது அதன் நோக்கம். அதனால் "நான் இங்கே வந்து என்ன கற்பேன்" என்பதோடு நின்றுவிடும் விண்ணப்பம் பாதி விண்ணப்பம்தான். நீங்கள் போகும் இடத்துக்கு என்ன கொண்டு போகிறீர்கள், திரும்பும்போது என்ன கொண்டு வருவீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். பிற நாடுகளிலிருந்து போகிறவர்கள் படிப்பு முடிந்ததும் தாய்நாட்டில் இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும் என்ற விசா விதியும் உண்டு.

பிரிட்டிஷ் அரசின் செவனிங் 1983-இல் தொடங்கியது. ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கானது. இங்கே மாணவர்கள் அடிக்கடி கோட்டைவிடுவது பணி அனுபவத்தில். 2,800 மணி நேர அனுபவம் கேட்கிறார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டு முழுநேர வேலை. பட்டம் முடித்த கையோடு விண்ணப்பிக்கிற திட்டம் இல்லை இது. இதிலும் படிப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும். 1959-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த மாநாட்டில் உருவான காமன்வெல்த் உதவித்தொகை, உறுப்பு நாடுகளின் மாணவர்களுக்கானது. உங்கள் படிப்பு உங்கள் நாட்டின் வளர்ச்சிக்கு எப்படிப் பயன்படும் என்பதற்கு அதில் அதிக எடை.

கேம்பிரிட்ஜில் படிக்க கேட்ஸ் கேம்பிரிட்ஜ் இருக்கிறது. 2000-இல் பில் அண்ட் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளை கொடுத்த 210 மில்லியன் டாலரில் நிறுவப்பட்டது. பிரிட்டன் தவிர்த்த எந்த நாட்டுக் குடிமக்களும் விண்ணப்பிக்கலாம். பிறர் வாழ்க்கையை மேம்படுத்துவதில் ஈடுபாடு என்பதை நேரடியாகவே ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) 1925-இல் ஹைடல்பெர்க் நகரில் தொடங்கியது. பல திட்டங்களில், கடைசியாகப் பெற்ற பட்டம் ஆறு ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போய்விட்டு மீண்டும் படிக்க நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்கு இரண்டு வாசல்கள் உண்டு: ஒன்று தூதரகப் பரிந்துரை, மற்றொன்று பல்கலைக்கழகப் பரிந்துரை. தூதரக வழியில் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் இருக்கும். பல்கலைக்கழக வழியில் நீங்கள் சேர விரும்பும் கல்வி நிறுவனமே உங்களைப் பரிந்துரைக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் முதுநிலைப் படிப்பை நான் குறிப்பாகப் பரிந்துரைப்பேன். பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு படிப்பை நடத்துகின்றன. மாணவர் குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பார். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே விண்ணப்பம் கிடையாது. ஒவ்வொரு படிப்புக்கும் தனித் தளம், தனிக் கடைசித் தேதி, தனி மதிப்பீட்டு முறை. உங்கள் துறைக்குள் இருக்கும் கிளைப்பாடம் ஒன்றில் உங்களுக்கு உண்மையான ஈடுபாடு இருந்தால், அதற்கென்றே ஒரு படிப்பு அந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்புண்டு.

வளரும் நாடுகளைச் சேர்ந்த பெண்கள் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் முனைவர் பட்டம் செய்ய, ஷ்லம்பர்ஜே அறக்கட்டளை 2004 முதல் ஃபேகல்டி ஃபார் தி ஃபியூச்சர் என்ற திட்டத்தை நடத்தி வருகிறது. இப்படிக் குறிப்பிட்ட பிரிவினருக்கென்றே இருக்கும் திட்டங்களைத் தேடுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி, மாற்றுத்திறனாளி, பெண், அகதி, குறிப்பிட்ட ஒரு தொழில் செய்பவரின் பிள்ளை என்று உங்களைப் பற்றிய உண்மைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் உங்கள் பாடத்தோடு சேர்த்துத் தேடிப் பார்த்தால் போதும். எதையும் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். அந்தப் பணத்தை ஒதுக்கியவர்கள் அப்படிப்பட்ட ஒருவருக்காகவே காத்திருக்கிறார்கள்.

மூன்றாம் படி: விதிகளைப் பேனாவோடு படியுங்கள்

அறிவிப்பை அச்சிட்டோ திரையிலோ வைத்துக்கொண்டு "வேண்டும்", "கூடாது" என்று வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். குடியுரிமை, வயது, படிக்கும் ஆண்டு, குறைந்தபட்ச மதிப்பெண், மொழித் தேர்வு, பணி அனுபவம். இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முன்னுரிமை என்று மட்டும் சொல்லியிருப்பவை வேறு வகை. "கிராமப்புற மாணவர்களுக்கு முன்னுரிமை" என்றால் மற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். கட்டாயத்துக்கும் முன்னுரிமைக்கும் இருக்கும் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறவர்கள் அதிகம். அது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

பிறகு ஓர் அட்டவணை போடுங்கள். உதவித்தொகையின் பெயர், கடைசித் தேதி, எந்த நேர மண்டலம், கேட்கும் ஆவணங்கள், எத்தனை பரிந்துரைகள், முடிவு வரும் மாதம். வெளிநாட்டுப் பெரிய திட்டங்களுக்குப் படிப்பு தொடங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பம் திறந்துவிடும் என்பதால், ஒன்றரை ஆண்டு முன்னால் இந்த அட்டவணையைத் தொடங்கினால் நிம்மதி. முதல் முறை விண்ணப்பிப்பவர் ஆறேழு திட்டங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். பெரியது இரண்டு, நடுத்தரம் இரண்டு, மீதி சிறியவை.

நான்காம் படி: ஆவணங்கள்

இது அலுப்பான வேலை, ஆனால் ஒருமுறை செய்தால் எல்லாவற்றுக்கும் உதவும். மதிப்பெண் பட்டியல், தற்போது படிப்பதற்கான சான்று, அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு, வருமானச் சான்று, தன்விவரக் குறிப்பு. இவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து, கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயரும் ஆவணத்தின் பெயரும் தெரியும்படி சேமியுங்கள்.

எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒன்றில் தலைப்பெழுத்தோடு, இன்னொன்றில் முழுப் பெயராக, மூன்றாவதில் ஓர் எழுத்து கூடுதலாக என்று இருந்தால் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும். மதிப்பெண் முறை வேறுபடும் நாடுகளுக்கு விண்ணப்பிக்கும்போது நீங்களாகவே கணக்குப் போட்டு மாற்றி எழுதாதீர்கள். அப்படியே கொடுத்து, உங்கள் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டு அளவுகோல் என்ன என்பதையும் இணைத்துவிடுங்கள். மாற்றச் சொல்லிக் கேட்டால் மட்டும், அவர்கள் சொல்லும் முறையில் மாற்றுங்கள்.

வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவிகளில் ஒரு சான்றிதழ் மட்டும் உங்கள் நிலையைச் சொல்லிவிடாது. வீட்டில் இன்னும் இருவர் படிக்கிறார்கள், பெற்றோரின் வேலை போய்விட்டது, மருத்துவச் செலவு வந்துவிட்டது போன்றவற்றை ஒரு சிறு கடிதமாக, தொகைகளோடு, ஆதாரத்தோடு எழுதுங்கள். இரக்கத்தைத் தூண்டும் சொற்கள் தேவையில்லை. எண்களே பேசும்.

ஐந்தாம் படி: பரிந்துரைக் கடிதம்

மாணவர்கள் மிகத் தாமதமாகத் தொடங்குவது இதைத்தான். குறைந்தது நான்கு வாரம் முன்பே கேளுங்கள்.

யாரிடம் கேட்பது? துறைத் தலைவர், முதல்வர் என்று பதவியைப் பார்த்துப் போகாதீர்கள். உங்களைப் பற்றி ஒரு சம்பவமாவது சொல்லக்கூடியவரிடம் போங்கள். "இவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்று பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் நான்கு வரிகளைவிட, "இவருடைய முதல் சோதனை தோற்றபோது அடுத்த நாளே என் அறைக்கு வந்து அளவீட்டில் தவறு எங்கே என்று கண்டுபிடித்துச் சொன்னார்" என்று ஓர் இளம் விரிவுரையாளர் எழுதுவதற்கு மதிப்பு அதிகம்.

கேட்கும்போது, "எனக்கு வலுவான ஒரு பரிந்துரை தர முடியும் என்று நினைக்கிறீர்களா, மேடம்?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரிடம் போய்விடலாம், இருவருக்கும் சங்கடமில்லை. ஒப்புக்கொண்டால் அன்றே ஒரே மின்னஞ்சலில் எல்லாவற்றையும் கொடுங்கள்: உதவித்தொகையின் நோக்கம் இரண்டு வரியில், கடைசித் தேதி, கடிதத்தை எங்கே, எப்படி அனுப்ப வேண்டும், உங்கள் தன்விவரம், கட்டுரையின் வரைவு, அவரிடம் படித்த பாடமும் அதில் நீங்கள் செய்ததும். தேதிக்கு ஒரு வாரம் முன்னால் ஒருமுறை பணிவாக நினைவூட்டுங்கள். சிலர் "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். அதற்குப் பதிலாக உங்களைப் பற்றிய குறிப்புகளை விரிவாகக் கொடுத்து, அவருடைய சொற்களில் எழுதித் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பரிந்துரைகள் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஆறாம் படி: கட்டுரை

நான் படிக்கும் வரைவுகளில் பாதிக்கு மேல் இப்படித் தொடங்குகின்றன: "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் இன்னும் நூறு பேரும் இதையே எழுதியிருக்கிறார்கள். படிப்பவர் உங்களைப் பார்க்க முடியவில்லை.

அப்படித் தொடங்கியிருந்த ஒரு மாணவியிடம் உட்கார்ந்து பேசியபோது அவர் சொன்னது: "இரண்டாம் ஆண்டில் ஒரே கிணற்றின் தண்ணீரைக் காலையிலும் மாலையிலும் சோதித்தோம், முடிவு இரண்டும் ஒத்துவரவில்லை. கருவியில் கோளாறு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். நான் மட்டும் இரண்டு வாரம் தொடர்ந்து மாதிரி எடுத்தேன்." அவ்வளவுதான், கட்டுரை அங்கேயே இருக்கிறது. ஏன் விடவில்லை, என்ன கண்டீர்கள், எதைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதற்கு எந்தப் படிப்பு தேவை, அது ஏன் இந்தப் பல்கலைக்கழகத்தில். நூல் பிடித்தது போல ஒன்றிலிருந்து இன்னொன்று வரும்.

எழுதும் முறை என்று கேட்டால், நான் சொல்வது இது. அறிவிப்பில் இருக்கும் அளவுகோல்களை ஒரு பக்கம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்கள் செய்த ஒரு செயலை எழுதுங்கள். "தலைமைப் பண்பு" என்பதற்கு எதிரே "சங்கத் தலைவர்" என்ற பதவியை எழுதாதீர்கள், தலைவராக இருந்து மாற்றிய ஒன்றை எழுதுங்கள். பதவியே இல்லாமல் செய்ததும் செல்லும். விடுதியில் இரவு பத்து மணிக்கு மேல் ஜூனியர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது தலைமைதான். எதிரே எழுத எதுவுமே இல்லாத அளவுகோல் இருந்தால், அது இந்த உதவித்தொகை உங்களைத் தேடவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். அல்லது அடுத்த ஓராண்டில் நீங்கள் செய்ய வேண்டிய வேலையாக இருக்கலாம்.

கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுங்கள். ஒரு திட்டத்துக்கு எழுதிய கட்டுரையை அப்படியே இன்னொன்றுக்கு ஒட்டும்போது, பழைய பல்கலைக்கழகத்தின் பெயர் உள்ளே தங்கிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சொல் எல்லை 500 என்றால் 500-ஐத் தாண்டாதீர்கள். பல தளங்கள் மீதியை வெட்டிவிடும். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா என்பதை அந்தந்தத் திட்டத்தின் விதியில் பாருங்கள். அனுமதி இருந்தாலும் முழுக் கட்டுரையை அதனிடம் விடாதீர்கள், உங்கள் கிணறும் உங்கள் இரண்டு வாரமும் அதற்குத் தெரியாது. வரைவை மூன்று பேரிடம் கொடுங்கள்: உங்கள் துறை அறிந்தவர் ஒருவர், துறைக்குத் தொடர்பே இல்லாதவர் ஒருவர், எழுத்துப்பிழை பார்ப்பவர் ஒருவர். இரண்டாமவருக்குப் புரியவில்லை என்றால் தேர்வுக் குழுவில் பாதிப் பேருக்குப் புரியாது.

ஏழாம் படி: அனுப்புவது

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். கடைசி இரவில் தளம் திணறும். நேரமும் ஏமாற்றும்: லண்டன் நேரம் நண்பகல் என்று போட்டிருந்தால் அது உங்கள் கடிகாரத்தில் எத்தனை மணி என்று கணக்கிட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாநாட்டுப் பயண உதவிகளில் "பூமியில் எந்த இடத்திலாவது" என்ற பொருளில் ஒரு நேரக் குறிப்பு வரும்; உலக நேரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்தங்கிய மண்டலத்தில் அந்த நாள் முடியும்வரை அவகாசம் என்று அதற்குப் பொருள்.

மாணவனாக இருந்தபோது நான் ஒரு விண்ணப்பத்தில் திருத்திய கட்டுரைக்குப் பதிலாகப் பழைய வரைவை ஏற்றிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் தெரிந்தது, மாற்ற வழியில்லை. இன்றும் அந்த நாள் நினைவில் இருக்கிறது. அதனால் சொல்கிறேன்: ஏற்றிய ஒவ்வொரு கோப்பையும் அந்தத் தளத்திலிருந்தே மீண்டும் திறந்து, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். ஒப்புகை மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள்.

நேர்காணலுக்கு அழைத்தால், உங்கள் விண்ணப்பத்தை நீங்களே இன்னொருவர் எழுதியதுபோலப் படித்து, எந்த வரியில் கேள்வி எழும் என்று பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏமாற்றுக்காரர்கள்

உதவித்தொகை தருகிறோம் என்று சொல்லி முன்பணம் கேட்பவர்களிடமிருந்து விலகுங்கள். சில உண்மையான திட்டங்களிலும் சேர்க்கை விண்ணப்பத்துக்குக் கட்டணம் உண்டு. ஆனால் "தொகையை விடுவிக்க", "இடத்தை உறுதிசெய்ய" என்று பணம் கேட்பது மோசடி. நீங்கள் விண்ணப்பிக்காத ஒன்றில் தேர்வாகிவிட்டதாகச் செய்தி வந்தால் அதுவும் அப்படித்தான். வங்கிக் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ எந்த உண்மையான அமைப்பும் கேட்காது. சந்தேகம் வந்தால், வந்த இணைப்பைத் தொடாமல், அந்த அமைப்பின் தளத்தை நீங்களாகத் தேடிப் போய்ச் சரிபாருங்கள்; உங்கள் பல்கலைக்கழக நிதி உதவி அலுவலகத்திலும் கேளுங்கள்.

பரிசுகள், போட்டிகள், பயண நிதிகள்

உதவித்தொகை என்றதும் கட்டணம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. படிக்கும் காலத்தில் கிடைக்கும் பரிசுகளையும் விடாதீர்கள், ஏனென்றால் ஒரு சிறிய பரிசு அடுத்த பெரிய விண்ணப்பத்தில் ஒரு வரியாக நிற்கும். நிரல் எழுதும் மாணவர்களுக்கு மூன்று பேர் கொண்ட அணியாகப் போட்டியிடும் ஐசிபிசி இருக்கிறது. பொறியியல், வடிவமைப்பு மாணவர்களுக்கு ஜேம்ஸ் டைசன் விருது. கணினி மாணவர்களின் ஆய்வுக்கு, கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம் தனிப் போட்டி நடத்துகிறது. ஜெர்மனியின் லிண்டாவ் நகரில் 1951 முதல் நடக்கும் நோபல் அறிஞர்களின் சந்திப்புக்கு இளம் அறிவியலாளர்களைத் தேர்ந்தெடுத்து அழைக்கிறார்கள்.

அமெரிக்கா, கனடாவில் இளநிலைக் கணித மாணவர்களுக்காக 1938 முதல் நடக்கும் புட்னம் போட்டியில் மொத்தம் 120 மதிப்பெண். பல ஆண்டுகளில் அதன் நடுநிலை மதிப்பெண் 0 அல்லது 1 தான். கணக்கில் கெட்டிக்காரர்கள்தான் எழுத வருகிறார்கள், அப்படியும் பாதிப் பேருக்கு அவ்வளவுதான் கிடைக்கிறது. ஆனாலும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் எழுதுகிறார்கள். தோற்றுவிடுவோமோ என்று போட்டிப் பக்கமே போகாதவர்களுக்கு இதைச் சொல்வது என் வழக்கம்.

ஆய்வுக் கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது, மாநாட்டுக்குப் போகப் பணமில்லை என்றால், முதலில் மாநாட்டின் தளத்திலேயே மாணவர் பயண உதவி இருக்கிறதா பாருங்கள். அப்புறம் உங்கள் துறை, அதன் பிறகு நீங்கள் உறுப்பினராக இருக்கும் அறிஞர் சங்கம். மாநாட்டில் தன்னார்வலராக வேலை செய்தால் நுழைவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் மாநாடுகளும் உண்டு.

முடிவு வந்த பிறகு

கிடைத்துவிட்டது என்றால் கையெழுத்துப் போடும் முன் நிபந்தனைகளைப் படியுங்கள். எத்தனை ஆண்டுக்கு, புதுப்பிக்க எவ்வளவு மதிப்பெண் வேண்டும், இடையில் ஒரு பருவம் விடுப்பு எடுத்தால் என்ன ஆகும், வேறு உதவித்தொகையோடு சேர்த்து வாங்கலாமா. வெளியிலிருந்து ஒரு தொகை வந்தால் தாங்கள் தரும் உதவியை அதே அளவு குறைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அப்படியென்றால், மானியத்தைக் குறைக்காமல் கடன் பகுதியைக் குறைக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள், ஒப்புக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வரியையும் விசாரியுங்கள். எடுத்துக்காட்டாக அமெரிக்காவில் பட்டப் படிப்பு மாணவருக்குக் கல்விக் கட்டணம், கட்டாயப் புத்தகங்களுக்காகச் செலவாகும் உதவித்தொகைக்கு வரி இல்லை, தங்கும் செலவுக்கும் உணவுக்கும் செலவாகும் பகுதி வருமானமாகக் கணக்கிடப்படும்.

காத்திருப்புப் பட்டியலில் இருந்தால், இன்னும் ஆர்வம் இருக்கிறது என்று சுருக்கமாக எழுதி, விண்ணப்பித்த பிறகு நடந்த நல்ல செய்தி ஏதாவது இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். வேறொன்று கிடைத்து இதை ஏற்கப் போவதில்லை என்றால் உடனே சொல்லிவிடுங்கள், பட்டியலில் அடுத்து இருப்பவர் உங்களைப் போன்ற ஒரு மாணவர்தான்.

கிடைக்கவில்லை என்றால் இரண்டு நாள் வருத்தப்படுங்கள், அது இயல்பு. பிறகு காரணம் சொல்வார்களா என்று கேட்டு எழுதுங்கள். எல்லோரும் பதில் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அந்த ஒரு பத்தி அடுத்த விண்ணப்பத்துக்குப் பெரிய உதவி. பல திட்டங்களில் மீண்டும் விண்ணப்பிக்கத் தடையில்லை. பரிந்துரை எழுதிய ஆசிரியருக்கு முடிவு எதுவானாலும் தெரிவித்து நன்றி சொல்லுங்கள். உங்கள் அட்டவணையில் அந்த வரிசையை அழிக்காமல், அடுத்த ஆண்டுத் தேதியையும் இந்த முறை எங்கே வலுக்குறைவாக இருந்தது என்பதையும் அதே நாளில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் போனால் மறந்துவிடும்.